உப்புத் தின்ற பூனைக்கு எவ்வளவு தண்ணீர்?

மருந்து அலமாரியைத் திறந்தால் இடது கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிடாதீர்கள். மஞ்சளாகிவிட்டது, ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது, கையெழுத்தும் பார்க்கும்படி இருக்காது. ஆனாலும் இருக்கட்டும். அதில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. முதல் ஒன்பதை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கல்லூரிக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதினேன். பத்தாவது மட்டும் வேறு மையில் இருக்கும். அதை எழுதவைத்தது ஒரு பூனை.

நான் ஓய்வு பெற்றுப் போகவில்லை. எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆறு வருடம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மாடு, ஆடு, கோழி, நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே டாக்டராக இருந்துவிட்டு மாறுதலில் போகிறேன். என் இடத்துக்கு நீங்கள் இருவர் வருகிறீர்கள். ஊசி போடுவதும் தையல் போடுவதும் உங்களுக்குத் தெரியும். பதிவேடுகளை மருந்தக உதவியாளர் காட்டித் தருவார். அதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. எது தெரியாமல் நான் தடுமாறினேனோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே பூனையைச் செல்லப்பிராணி என்று மட்டும் நினைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்காதீர்கள். உள்ளே நெல் விளையும் ஊர்களில் பூனை யாருடையதும் அல்ல. எந்த வீட்டில் பால் கிடைக்கிறதோ அந்த வீட்டுடையது. குப்பத்தில் அப்படியில்லை. நைலான் வலையில் மீன் வாசம் ஒட்டியிருக்கும். எலி அதை மீன் என்றே நினைத்துக் கடிக்கும். ஒரே இரவில் ஒரு புது வலை சல்லடையாகிவிடும். அந்தப் பருவமே போய்விடும். அதனால் வலை வைக்கும் அறைக்குப் பூனைதான் காவல். அதை வாசலில் கட்டிய நாயைவிட மதிப்பார்கள். அதற்குப் பேர் இருக்கும், கோபம் இருக்கும், பிடித்த படகு ஒன்று இருக்கும்.

இரண்டாவது, கருவாடு. நம் புத்தகங்களில் உருளைக்கிழங்கு வறுவல், உப்புக்கடலை, ஊறுகாய் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றைப் பூனைக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். உண்மைதான். பூனையின் உடம்பு சின்னது. நமக்கு ஒரு கிள்ளு உப்பு என்றால் அதற்கு அது ஒரு பிடி. இங்கே அந்தப் பட்டியலின் முதலிடம் கருவாட்டுக்கு. சரியான பதில் "கொடுக்கவே வேண்டாம்" என்பதுதான். அந்தப் பதிலை நான் ஆறு வருடம் சொன்னேன். ஆறு வருடமும் தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய்க் கொடுத்தார்கள். கருவாடு காயும் ஊரில் பூனையைக் கருவாட்டிலிருந்து காப்பாற்ற முடியாது. பெரும்பாலான பூனைகள் அதைத் தின்றுவிட்டு நன்றாகவே நடமாடுகின்றன. ஏன் என்று எனக்கு நெடுநாள் தோன்றவில்லை. தோன்றியபோது ஒரு பூனை செத்துப்போயிருந்தது, இன்னொன்று என் மேசையில் துடித்துக்கொண்டிருந்தது.

செத்த பூனையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் தவறு.

நான் சேர்ந்த முதல் வருடம். ஒரு பூனை எதையோ தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தது என்று, வீட்டில் இருந்தவர்கள் அது வாந்தியெடுக்கட்டும் என்று உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். விஷம் குடித்த மனிதர்களுக்குச் செய்வதைப் பார்த்துப் பழகிய கை. ஒரு தடவை இல்லை. இரண்டு நாள், வேளைக்கு ஒரு முறை. பூனை தள்ளாடிக்கொண்டு என்னிடம் வந்தது. நான் கேள்விகள் கேட்டேன், உப்பு என்று சரியாகக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ரத்தத்தில் உப்பு கூடிவிட்டது, எனவே உப்பில்லாத குளுக்கோஸ் தண்ணீரை ஏற்ற வேண்டும், சீக்கிரம் ஏற்றினால் சீக்கிரம் சரியாகும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பூனை தலையைத் தூக்கியது. அந்த வீட்டுப் பெண் என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். மதியம் அதற்கு வலிப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

நகரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் என் வகுப்புத் தோழியைக் கூப்பிட்டு, மருந்தைத்தான் குறை சொன்னேன். அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"உப்பு ஏற எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு நாள்."

"எறக்க நீ எவ்ளோ நேரம் எடுத்துக்கிட்ட?"

"அரை நாள்கூட இல்ல."

உப்பு ஒரு நாளுக்குமேல் ரத்தத்தில் தங்கிவிட்டால் மூளை அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. தன்னிடமிருக்கும் தண்ணீரை விட்டுவிடாமல் இருக்க வழி செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் நாம் வெறும் தண்ணீரை அள்ளி ஊற்றினால், அது அத்தனையையும் உறிஞ்சி மண்டையோட்டுக்குள் வீங்கிவிடுகிறது. இது கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்ததுதான். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழிக்கும் ஒரு பெண் எதிரில் நின்றால், எழுதியதெல்லாம் மறந்துபோகும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இனி இன்னொரு பூனை, சிட்டு.

ஒரு புதன்கிழமை காலை, கதவைத் திறந்து இரண்டு கோழிகளைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். வேலு ஒரு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர், ஐம்பதை நெருங்கும் வயது. பின்னால் மனைவி தேசம்மா. அவருக்குப் பின்னால் தேசம்மாவின் தங்கை மங்கா. கூடைக்குள் மஞ்சள் நிறப் பெண் பூனை ஒன்று, நான்கு காலும் விறைத்து, வாயில் நுரையோடு உதறிக்கொண்டிருந்தது.

"எலி மருந்து வெச்சுட்டான் டாக்டரம்மா," என்றார் வேலு. "பக்கத்து வூட்டு ஏழுமலை. அவன் வலை ரூமுல எப்பவும் மருந்து வெப்பான். இன்னிக்கு அவன நான் சும்மா வுட மாட்டேன்."

"மொதல்ல பூனைய மேசை மேல வைங்கண்ணா."

வலிப்பை நிறுத்த ஊசி போட்டேன். உதறல் அடங்கியது. அடங்கியதும் வேலு வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவர் எங்கே போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தேசம்மா அவர் சட்டையைப் பிடித்தார்.

"நீ ஒரு எடமும் போவ வாணாம். சனிக்கெழம சுதா வருது. அதுக்கு இன்னா பதில் சொல்றது, அத்த யோசி."

சுதா அவர்களுடைய மகள். சென்னையில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்குமுன் படகுக்கடியில் கண் திறக்காமல் கிடந்த இந்தக் குட்டியை எடுத்து, பேனாவுக்கு மை ஊற்றும் சொட்டுக் குழாயால் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். தினமும் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டால் முதலில் பூனையைத்தான் காட்டச் சொல்வாளாம். இன்னும் மூன்று நாளில் ரயிலேறி வருகிறாள். கூடைக்குள் இருப்பது அவளுடைய உயிர். அதை அந்த மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அண்ணா, சண்டைக்கு அப்புறம் போங்க. இப்ப இத அசையாம புடிச்சுக்க எனக்கு ஆள் வேணும்," என்றேன். எனக்கு ஆள் தேவைப்படவில்லை. அவர் போகக்கூடாது என்பதுதான் தேவை. கோபமாக இருப்பவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். பேசிச் சமாதானப்படுத்துவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

அவர் பிடித்துக்கொண்டார். நான் அலமாரிக் கதவைத் திறந்து என் ஒன்பது கேள்விகளை ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து? எத்தனை தடவை வாந்தி? வெளியே போகும் பூனையா?

"வெளியயே போவல," என்றார் தேசம்மா. "மூணு நாளா வலை ரூமுல பூட்டி வெச்சிருந்தோம். நாங்க எல்லையத் தாண்டி ஆந்திரா பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஞாயித்துக்கெழம போயி இன்னிக்குக் காத்தால வந்தோம்."

"பூட்டுனது யாரு?"

"நான்தான்," என்றார் வேலு. "புது வலை உள்ள கீது. போன வருசம் எலி கடிச்சதுல நான் பட்ட பேஜார் எனக்குத்தான் தெரியும். அதான் காவலுக்கு வுட்டேன்."

"சாப்பாடு?"

"இன்னா டாக்டரம்மா, இப்படிக் கேக்குற? நாலு மூலையிலயும் கருவாட்டுக் கூடை. எங்களுக்கு அங்க ஒரு கல்யாணச் சாப்பாடுனா இதுக்கு இங்க ஒம்போது கல்யாணம்."

கருவாடு என்ற சொல் என் காதில் விழுந்தது; மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் இந்த ஊரில் எல்லாப் பூனையும் கருவாடு தின்னும். ஒன்பது கேள்வியும் முடிந்தது. எல்லாப் பதிலும் எலி மருந்தோடு ஒத்துப்போவது போலத்தான் இருந்தது. எலி மருந்துக்கான மருந்தை எடுக்கக் கை நீட்டினேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வந்தவர்கள் ஒரு நோயின் பேரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். அதற்கு ஒரு எதிரியும் இருப்பான், ஒரு கதையும் இருக்கும். அது முழுக் கதை போல இருக்கும். முழுக் கதை கேட்டபின் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

என்னை நிறுத்தியது அறிவு இல்லை, ஒரு முன்னங்கால். ஊசிக்கு நரம்பு தேடப் பிடித்தபோது அதன் பாதத்து முடி கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக இருந்தது. விரலால் தேய்த்தேன். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மீசையிலும் அதே பொடி. ஈறு, மழையில்லாத மாசத்து ஏரி ஓரம் போலக் காய்ந்து கிடந்தது.

"மூணு நாளா இது என்ன குடிச்சுது?"

அந்தக் கேள்வி என் தாளில் இல்லை.

"சட்டியில தண்ணி வெச்சேனே," என்றார் வேலு. குரல் முதல் தடவையாக இறங்கியது.

"திரும்பி வந்தப்ப அந்தச் சட்டியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரே ஆள் ஏழுமலை. அவர் நம்பர் தேசம்மாவிடம்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"யோவ், நான் தேசம்மா பேசறேன். எங்க வலை ரூமு தொறந்துதான் கீது. உள்ள போயி பூனைக்கு வெச்ச தண்ணிச் சட்டி எங்க கீதுனு பாத்துச் சொல்லு."

ஏழுமலை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கதவு இழுபடும் சத்தம் கேட்டது.

"சட்டி கவுந்து வலைக்கு அடியில கீது. தண்ணியா? ஒரு சொட்டு இல்ல. இங்கல்லாம் வாந்தி எடுத்து வெச்சிருக்குது. அப்புறம்... மீன் ஊறப்போட்ட உப்புத் தொட்டி கீதுல்ல, அதும் மூடி ஒதுங்கிக் கீது. சுத்தியும் கால் தடம். தொட்டியில தண்ணி எறங்கியிருக்குது. ஏன், பூனைக்கு இன்னா ஆச்சு?"

வேலு போனைப் பார்த்தபடியே நின்றார். அடிக்கப் போக இருந்த ஆளின் குரல் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கருவாடு தின்னும் பூனைகளெல்லாம் இந்த ஊரில் எப்படி உயிரோடு இருக்கின்றன? தண்ணீரால். குடத்தடி, குழாயடி, பாத்திரம் கழுவும் இடம், ஐஸ் உருகும் பெட்டி என்று அலைந்து குடித்துவிட்டு வருகின்றன. எவ்வளவு உப்புத் தின்கிறதோ அதைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் எங்கே என்று அதற்குத் தெரியும். கதவைப் பூட்டினால் அந்த வழி அடைபடுகிறது. தாகத்தில் அது ஈரமாக இருந்த ஒன்றைத் தேடியிருக்கிறது. அந்த அறையில் ஈரமாக இருந்தது உப்புத் தொட்டி மட்டும்தான். பூனையின் மேல் உள்ள நம்பிக்கையில், அதற்கு விருந்து என்று நினைத்துச் செய்த தவறு இது. மீன் உப்பில் ஊறாத ஊரில் இந்தத் தவறு நடக்கவே நடக்காது.

ஆனால் நிச்சயம் வேண்டும். நம்மிடம் உப்பு அளக்கும் கருவி இல்லை. ரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்தேன். தேசம்மா தன் மீன் பெட்டியில் ஐஸ் போட்டு அதில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தார். அங்கே மனிதர்களுக்கான பரிசோதனைக்கூடத்தில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். "பூனைக்கெல்லாம் பாக்க மாட்டோம்மா" என்றார்களாம். "உப்பு எங்க இருந்தாலும் உப்புதானே? எவ்ளோ கீதுனு மட்டும் பாத்துச் சொல்லு, ஜாதகமா கேட்டேன்?" என்று இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

பரிசோதகர் எனக்குப் போன் செய்தபோது குரலில் சிரிப்பும் சந்தேகமும் இருந்தன. "மேடம், மெஷின் ரிப்பேர்னு நெனச்சு ரெண்டு வாட்டி போட்டுட்டேன். இது ரத்தமா, கடல் தண்ணியா?"

அதற்குள் இங்கே வேறு சண்டை ஆரம்பித்திருந்தது.

நான் சலைன் பாட்டிலை மாட்டினேன். சலைன் என்றால் உப்புத் தண்ணீர்தான். சிட்டுவின் ரத்தத்தில் இருந்த உப்பைவிட அந்தப் பாட்டிலில் உப்பு குறைவு. வெறும் தண்ணீரைவிட அதிகம். அதனால் அது மெதுவாக இறக்கும். சொட்டு எண்ணி வைத்தேன். இந்த ஊரில் பாட்டிலில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் பேர் குளுக்கோஸ். மருந்தக உதவியாளர் என் காதருகில், "கேட்டா குளுக்கோஸ்னு சொல்லிடுங்க மேடம், பிரச்சினை இல்ல" என்றார்.

மங்கா கேட்டார். "இன்னாம்மா ஏத்துற?"

எனக்கு ஒரு நொடி இருந்தது. பொய் சொல்வது சுலபம். ஆனால் இந்தச் சிகிச்சை மூன்று நாள் நடக்க வேண்டும். மூன்று நாளும் பூனைக்குப் பக்கத்தில் உட்காரப்போவது நான் இல்லை, இவர்கள். குளுக்கோஸ் என்று நினைப்பவர், நான் மாட்டைப் பார்க்க வெளியே போன நேரத்தில் நல்லது செய்வதாக நினைத்துச் சொட்டைக் கூட்டிவிடுவார்.

"உப்புத் தண்ணிதான்க்கா," என்றேன்.

"அய்யய்யே! உப்பத் தின்னுட்டு சாவக் கெடக்குது, அதுக்கு உப்புத் தண்ணியே ஏத்துறியா? உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு சொம்புத் தண்ணிய வாயில ஊத்தாம இன்னா டாக்டர் நீ? எந்தக் காலேஜுல படிச்ச?" வேலுவைப் பார்த்துத் திரும்பினார். "தூக்கு மாமா கூடைய. பொன்னேரியில வேற டாக்டரு கீறாரு. வண்டி புடி."

வேலு கூடையை எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மங்கா சொன்னதுதான் இயல்பான அறிவு. நான் செய்துகொண்டிருந்ததுதான் பைத்தியம் போலத் தெரிந்தது. பட்டத்தைக் காட்டலாம். புத்தகத்தைத் திறந்து காட்டலாம். மூளை, வீக்கம் என்று விளக்கலாம். எதுவும் அந்தக் கூடையைக் கீழே இறக்காது என்று தெரிந்தது. என்னிடம் வேறு ஒன்றுதான் இருந்தது.

"அண்ணா, எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. நான் இங்க வந்த முதல் வருஷம் இதே மாதிரி ஒரு பூனை வந்துச்சு. அதுக்கு நான் அக்கா சொல்ற மாதிரியே, உப்பில்லாத தண்ணிய வேகமா ஏத்தினேன். ஒரு மணி நேரத்துல எழுந்து உக்காந்துச்சு. சாயங்காலம் செத்துப்போச்சு. அது உப்பால சாகல. நான் அவசரப்பட்டதால செத்துச்சு."

உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு டாக்டர் வாயால் அதைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வேலு கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "மூணு நாளு உப்புல இருந்துட்டதால, உடனே நல்ல தண்ணி தாங்காதுன்றியா?"

"ஆமாண்ணா."

அவர் மங்காவைப் பார்த்தார். "நான் சுண்ணாம்புக்குளத்தாண்ட இறால் குட்டையில ரெண்டு வருசம் வேலை செஞ்சேன்ல. குஞ்சு பையில வரும். பையில இருக்கறது கடல் தண்ணி. குட்டையில இருக்கறது வேற தண்ணி. பையப் பிரிச்சு அப்படியே கொட்டினேன்னு வெய்யி, அவ்ளோதான், காலி. பைய மெதக்க வுடுவோம். கொஞ்சம் குட்டைத் தண்ணிய உள்ள வுடுவோம். நிப்போம். இன்னும் கொஞ்சம். நிப்போம். வெய்யில்ல முதுகு எரியும், ஆனாலும் நிப்போம். அவசரப்பட்டவன் குட்டையில மறுநாளு செத்த இறால்தான் மெதக்கும்."

"அது இறால் மாமா."

"உப்புல இருந்து வெளிய வர்ற உசுரு எல்லாம் ஒண்ணுதான்." கூடையை மேசைமேல் திரும்ப வைத்தார். "எத்தினி சொட்டு, டாக்டரம்மா? எனக்கு எண்ணக் காட்டு."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. உங்களுக்கு ஒன்று சொல்வேன்: நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கும்போது, அதே விஷயம் வேறொரு தொழிலில் அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அன்று பார்க்கவில்லை; அவராகவே எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதிர்ஷ்டம்.

வியாழக்கிழமைதான் மோசமான நாள். புதன்கிழமை பூனைக்கு நினைவில்லை, அதனால் எல்லோருக்கும் பொறுமை இருந்தது. வியாழன் காலை சிட்டு கண் விழித்தது. நடக்க முடியவில்லை. வயிற்றால் ஊர்ந்து, மூலையில் உதவியாளர் வைத்திருந்த வாளியை நோக்கிப் போனது. தூக்கி வந்து படுக்கவைத்தால் மறுபடியும் ஊர்ந்தது. தாகத்தில் ஒரு பூனை எழுப்பும் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. விழுங்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டபின், ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர், அரை மணிக்கு ஒரு முறை என்று எழுதிக் கொடுத்தேன். சொட்டு ஒருபக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு துளி கிடையாது.

எழுதிக் கொடுப்பது சுலபமான வேலை. அந்த அறையில் உட்கார்ந்து, ஐந்து மில்லி கொடுத்துவிட்டு, அது இன்னும் இன்னும் என்று கையை நக்கும்போது அடுத்த அரை மணிக்குக் காத்திருப்பதுதான் கடினமான வேலை. அதைச் செய்தவர் வேலு. தொழிலுக்குப் போகவில்லை. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மதியம் மங்கா ஒரு டம்ளரோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்திருந்தால் தப்பு. "ஒரு வாய் மாமா. ஒரே ஒரு வாய். பாவம் மாமா அது. பாக்க முடியல."

"பைய அவுக்காத மங்கா," என்றார் வேலு, டம்ளரைப் பார்க்காமலே. "இன்னும் பதினோரு நிமிசம் கீது."

மங்கா அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது முறை ரத்தம் பொன்னேரிக்குப் போனது. இந்தமுறை அங்கே யாரும் மறுக்கவில்லை. "உங்க கடல் எறங்கிட்டு வருது மேடம்" என்று செய்தி வந்தது. வாயில் கொடுக்கும் ஐந்து மில்லியைப் பத்தாக்கினேன். அன்று சாயங்காலம் சிட்டு நாலடி நடந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டது; பார்வை முழுதாகத் திரும்பவில்லை. திரும்புமா என்று தேசம்மா கேட்டார். அநேகமாகத் திரும்பும், ஆனால் இன்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். பிறகு திரும்பிவிட்டது. தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது; ஏதோ எப்போதும் யோசிப்பது போல இருக்கும்.

ஏழுமலையும் அன்று வந்தார். வாசலில் நின்று, "எங்கப்பா, நான் மருந்து வெச்சுக் கொன்ன பூனை?" என்று சத்தமாகக் கேட்டார். ஊரில் செய்தி எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலு எழுந்து நின்றார். "உள்ள வாடா" என்றார். அவ்வளவுதான். ஏழுமலை உள்ளே வந்து பூனையைப் பார்த்துவிட்டு, "உன்னாட்டமே கீது, ஒரு பக்கமா சாஞ்சுக்கினு" என்றார். வேலு தன் பீடிக்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். இருவரையும் வெளியே போய்ப் புகைக்கச் சொன்னேன்.

அன்றுதான் பத்தாவது கேள்வியை எழுதினேன். "தண்ணீர் எங்கே? திரும்பப் போய்ப் பார்த்தீர்களா?" இரண்டு பகுதியும் முக்கியம். வைத்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள், பொய்யில்லாமல் சொல்வார்கள். அது இருந்ததா என்பது வேறு கேள்வி. குப்பத்தில் இப்போது நான் சொல்வது இதுதான்: கருவாடு வேண்டாம், கொடுத்தே தீர்வீர்கள் என்றால் அலசி, ஊறவைத்து, உப்புப் போக வேகவைத்து, விரல் அகலம் மட்டும். பூனை கவிழ்க்க முடியாத கனமான கல்தொட்டியில் நல்ல தண்ணீர், இரண்டு இடத்தில். உப்புத் தொட்டிமேல் கல். பூட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். போனால் பக்கத்து வீட்டில் சாவி. வாந்திக்கு என்று உப்பு கரைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். இத்தனையும் யாருக்கும் நினைவிருக்காது. கல்தொட்டி மட்டும் நிற்கும். நான் கிளம்பும்போது அந்தக் குப்பத்தில் கல்தொட்டி இல்லாத வலை அறையை நான் பார்க்கவில்லை. வேலு வீடு வீடாகப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார் என்று கேள்வி.

சனிக்கிழமை பத்து மணிக்கு சுதா வந்தாள். பொன்னேரியில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மருந்தகத்துக்கு. தோளில் கல்லூரிப் பை. யாரோ பஸ்ஸிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவள் கண் மூலையில் படுத்திருந்த பூனையிடம் போய், அதன் காலில் சுற்றியிருந்த கட்டின்மேல் நின்று, எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் வந்தது.

தேசம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லடி. லேசா ஒடம்பு சரியில்ல. இப்ப சரியாப் பூடுச்சு. எதையோ தின்னுடுச்சு போல..."

"எதையோ இல்ல," என்றார் வேலு. சுவரோரம் உட்கார்ந்தபடியே சொன்னார். மூன்று நாள் தாடி. "நான்தான் உள்ள வுட்டுப் பூட்டினேன். தண்ணி கவுந்துடுச்சு. நான் பாக்கல."

சுதா அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று மங்கா நினைத்திருக்க வேண்டும், அவர் கை தானாக வாயைப் பொத்தியது. வேலு நிமிரவில்லை.

அப்போது அலாரம் அடித்தது.

சுதா பையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கிக்கொண்டு, படிக்கும் பெண் கேட்பது போல என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்ளோ, டாக்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேலு சொல்லிவிட்டார்.

"பத்து எம்எல். அர மணிக்கு ஒருவாட்டி. அது கெஞ்சும். கெஞ்சினாலும் அவ்ளோதான். மெதுவா குடு, நைனா கூடவே கீறேன்."